விதிகளைப் படித்த சுண்டெலிகள்

1968-ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. உயரம் தாண்டும் போட்டியில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்க இளைஞர் ஓடி வந்தார். குறுக்குக் கம்பத்துக்கு அருகில் வந்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, தலை முதலில் கடக்குமாறு தாண்டினார். பார்த்தவர்கள் வியந்தார்கள்; சிலர் சிரித்தார்கள். ஆனால் 2.24 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர்தான்.

‘இப்படித் தாண்டலாமா?’ என்று நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் அதில் என்ன இருந்தது? ஒற்றைக் காலை ஊன்றி எழும்ப வேண்டும் என்று இருந்தது. முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. மற்றவர்கள் வழக்கத்தைப் பார்த்துப் பழகினார்கள். ஃபாஸ்பரியின் முறையோ வழக்கத்துக்கு மாறாக இருந்தாலும் விதிக்கு உட்பட்டே இருந்தது. இன்று உயரம் தாண்டுவோரில் பெரும்பாலோர் அவர் காட்டிய முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

வாசகர்களே, விளையாட்டு வீரர்களைப் பற்றியது அல்ல இக்கட்டுரை. மாணவர்களும் பொறியாளர்களும் தாங்களே செய்த ரோபோக்களைப் போட்டிக்கு விடும் களங்களைப் பற்றியது. ஆனால் அங்கும் இதே கதைதான் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. ஒரு ரோபோவின் வடிவத்தைத் தீர்மானிப்பவை மோட்டாரும் மின்கலமும் மட்டுமல்ல; வெற்றியை எப்படிக் கணக்கிடுவது என்று எழுதிவைத்த நாலு வரிகளும்தான். அந்த நாலு வரிகளைச் சரியாகப் படித்தவர் வென்றார். மேலோட்டமாகப் படித்தவரின் பல மாத உழைப்பு, நன்றாக ஓடியும், தோற்றது. இந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போமா?

தீசியஸ் என்னும் முதல் எலி

செய்தித் தொடர்பியலின் தந்தை எனப் போற்றப்படும் கிளாட் ஷானன், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1950-ஐ ஒட்டி ஒரு விளையாட்டுப் பொறியைச் செய்தார். அது 25 கட்டங்கள் கொண்ட ஒரு புதிர்ப்பாதை. அதற்குள் காந்தம் பொருத்திய ஒரு பொம்மை எலி. ‘தீசியஸ்’ என்பது அதன் பெயர். முதல் தடவை அது சுவர்களில் முட்டி முட்டி வழி தேடும். இலக்கைக் கண்டுபிடித்த பிறகு, மீண்டும் தொடக்கத்தில் வைத்தால், முட்டாமல் நேராகப் போய்ச் சேரும். கற்றது நினைவில் நிற்கிறது என்று பொருள்.

உண்மையில் எலியின் தலையில் ஒன்றுமில்லை. நினைவெல்லாம் பலகைக்கு அடியில் இருந்த தொலைபேசி ரிலேக்களில் இருந்தது. அடியிலிருந்த காந்தம் மேலே இருந்த எலியை இழுத்துச் சென்றது. தீசியஸுக்குப் போட்டி இல்லை, கடிகாரம் இல்லை, நடுவர் இல்லை. ‘ஓர் எந்திரம் கற்கக்கூடும்’ என்று காட்டுவதே நோக்கம். அது நிறைவேறியது. பின்னால் வரப்போகும் போட்டிகளில், எலி தன் மூளையையும் மின்கலத்தையும் தானே சுமந்து செல்ல வேண்டும் என்று விதி வந்தது. அந்த விதிப்படி பார்த்தால் தீசியஸ் போட்டியில் சேரவே தகுதியற்றது!

நியூயார்க்கில் வென்ற ‘முட்டாள்’ எலி

1971-இல் இன்டெல் நிறுவனம் நுண்செயலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அறையை அடைத்துக்கொண்டிருந்த கணிப்பொறியின் மையப் பகுதி ஒரு சிறு சில்லில் அடங்கிவிட்டது. இதைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்று இளம் பொறியாளர்கள் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சமயத்தில், 1977-ஆம் ஆண்டு, அமெரிக்க மின்பொறியாளர் சங்கமான ஐ.இ.இ.இ. நடத்தும் ‘ஸ்பெக்ட்ரம்’ இதழ் ஓர் அறைகூவல் விடுத்தது. தானாகவே புதிர்ப்பாதையில் ஓடி வெளியேறும் ஒரு ‘நுண்சுண்டெலி’யைச் செய்யுங்கள், விரைவாக வெளியேறும் எலிக்குப் பரிசு!

ஏறத்தாழ 6000 பேர் பதிவு செய்தார்கள். சொல்வது எளிது, செய்வது கடினம் என்பதை அவர்களில் பெரும்பாலோர் விரைவில் உணர்ந்தார்கள். 1979-இல் நியூயார்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் ஓடியவை மிகச் சில எலிகளே. அவற்றுள் சில உண்மையிலேயே அறிவுள்ளவை. கண்ட சுவர்களை நினைவில் பதித்துக்கொண்டு, தவறான சந்துகளை இரண்டாம் முறை தவிர்த்தன. ஆனால் மிகக் குறைந்த நேரத்தில் வெளியேறிய எலி எது தெரியுமா? நினைவு என்பதே இல்லாத ஓர் எலி! ஒரு பக்கச் சுவரை ஒட்டியபடியே வேகமாக ஓடுவது தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

இது எப்படி முடிந்தது? ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரமான புதிர்ப்பாதை ஒன்றை வரையுங்கள். வெளிச்சுவரில் ஒரு நுழைவாயில், ஒரு வெளிவாயில். இப்போது உங்கள் பென்சில் முனை, வலக் கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் ஒரு மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையை எடுக்காமல் சென்றால் முட்டுச் சந்துகளுக்குள் போய்த் திரும்புவீர்கள், வீணாக அலைவீர்கள், ஆனால் கட்டாயம் வெளியே வந்துவிடுவீர்கள். ஏனெனில் நுழைவாயிலின் வலப் பக்கத்தில் தொடங்கும் சுவர், எத்தனை முறை வளைந்து நெளிந்தாலும், அறுபடாமல் வெளிவாயில் வரை தொடர்கிறது. நூலைப் பிடித்துக்கொண்டு போவது போலத்தான்.

நியூயார்க் பாதையில் நுழைவாயில், வெளிவாயில் இரண்டுமே வெளிச்சுவரில் இருந்தன. அந்த ஒரு குறிப்பே போதும். வரைபடத்தைப் பார்த்தவர்களில் சிலர், ‘எலிக்கு மூளை எதற்கு? நல்ல மோட்டார் போதுமே!’ என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் கணக்கு பலித்தது.

அப்படியானால் அவர்கள் ஏமாற்றினார்களா? போட்டியை நடத்தியவர்கள் விரும்பியது அறிவுள்ள எலி. ஆனால் அவர்கள் அளந்தது வெளியேறும் நேரம். விரும்பியது ஒன்று, அளந்தது வேறொன்று. அளக்கப்பட்டதைத்தான் போட்டியாளர் தர முடியும். குற்றம் எலியிடம் இல்லை, அளவுகோலில் இருந்தது.

இலக்கு நடுவுக்கு நகர்ந்தது

இதைக் கூர்ந்து கவனித்தவர்களில் ஒருவர், இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பாலிடெக்னிக்கில் பணியாற்றிய ஜான் பில்லிங்ஸ்லி. 1980-இல் லண்டனில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு அவர் விதிகளை மாற்றி எழுதினார். சுவரை ஒட்டி ஓடக் கூடாது என்று தடை போட்டாரா? இல்லை. இலக்கை வெளிச்சுவரிலிருந்து எடுத்துப் பாதையின் நடுவில் வைத்தார்! அவ்வளவுதான்.

இந்தச் சிறு மாற்றத்தின் விளைவைப் பாருங்கள். நடுவிலுள்ள இலக்கைச் சூழும் சுவர்கள், வெளிச்சுவரோடு தொடர்பில்லாமல் ஒரு தீவு போல நிற்குமாறு பாதையை அமைக்கலாம். அப்போது வெளிச்சுவரைத் தடவிக்கொண்டே போகும் எலி, தீவைச் சுற்றியுள்ள ‘கட’லைத் தாண்டாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும். எத்தனை வேகமாக ஓடினாலும் பயன் இல்லை. தாளில் வரைந்த உங்கள் புதிர்ப்பாதையின் நடுவில் இப்படி ஒரு தீவை வரைந்து சோதித்துப் பாருங்கள்.

அன்று உருவான அளவுகளே பிறகு உலகெங்கும் நிலைபெற்றன. நெடுக்கே 16, குறுக்கே 16 என மொத்தம் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் 18 சென்டிமீட்டர். சுவரின் உயரம் 5 சென்டிமீட்டர், தடிப்பு 1.2 சென்டிமீட்டர். மூலையில் புறப்பாடு, நடுவிலுள்ள நான்கு கட்டங்கள் இலக்கு.

இனி எலிக்கு நினைவு வேண்டும். ஒரு கட்டத்துக்கு நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் சுவர் உண்டா, இல்லையா என்பதற்கு ஒரு துண்டு செய்தி. ஆக 256 கட்டங்களுக்கு 1024 துண்டுகள், அதாவது 128 பைட்டுகள் போதும். நினைவகம் விலை உயர்ந்திருந்த அந்நாளிலும் இது மாணவருக்கு எட்டக்கூடியதே.

வழியைக் கணிக்க ஒரு நேர்த்தியான முறை பரவியது. வாய்க்காலில் மடையைத் திறந்தால் நீர் எப்படிப் பரவுகிறது? அருகிலுள்ள பாத்தி முதலில் நனையும்; பிறகு அடுத்தது. அதுபோல இலக்குக்கு 0 என்று எண் இடுங்கள். சுவர் குறுக்கிடாமல் அதற்கு அடுத்துள்ள கட்டங்களுக்கு 1. அவற்றுக்கு அடுத்தவற்றுக்கு 2. இப்படியே எல்லாக் கட்டங்களையும் ‘நனையுங்கள்’. எலி எங்கிருந்தாலும் தன்னைவிடச் சிறிய எண் உள்ள கட்டத்துக்கு நகர்ந்தால் போதும். புதிய சுவர் ஒன்று எதிர்ப்பட்டால் எண்களைத் திருத்திக்கொள்ள வேண்டும். சுவரைத் தடவும் எலியைவிட இது எவ்வளவு உயர்ந்த எலி! அதைப் பிறப்பித்தது ஒரு தடையுத்தரவு அன்று, இலக்கின் இடமாற்றமே.

ஒரு வினாடிக்கு எத்தனை வினாடி?

1980-இலேயே ஜப்பானிலும் இப்போட்டி வேரூன்றியது. 1985-இல் சுகுபா நகரில் உலகப் போட்டியும் நடந்தது. களம் ஒன்றுதான்; ஆனால் புள்ளி இடும் முறையில் நாடுகள் பிரிந்தன. இங்கேதான் நமது தலைப்பின் சாரம் இருக்கிறது.

எலி முதலில் பாதையைத் தேடி அறிகிறது; பிறகு அறிந்த வழியில் விரைந்து ஓடுகிறது. ஜப்பானிய முறையில், அனுமதித்த மொத்த நேரத்துக்குள் செய்த ஓட்டங்களில் மிக விரைவானதன் நேரம் மட்டுமே கணக்கு. தேடுவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதைப் பற்றிக் கவலை இல்லை. ஐ.இ.இ.இ. விதிகளிலோ தேடலுக்கும் விலை உண்டு. ஓட்ட நேரத்துடன், எலி முதன்முதலாகப் புறப்பட்டதிலிருந்து அந்த ஓட்டம் தொடங்கும் வரை சென்ற நேரத்தில் 30-இல் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அதுவரை எலியை மனிதக் கை தொடவே இல்லையென்றால் 10 வினாடி சலுகையாகக் கழிக்கப்படும். இப்படிக் கணக்கிட்டு வரும் நேரங்களில் மிகக் குறைந்ததே அந்த எலியின் இறுதி மதிப்பு.

மூன்று கற்பனை எலிகளைக் கொண்டு இதைச் சோதிப்போம்.

அ: தேடல் 360 வினாடி, ஓட்டம் 12 வினாடி, தொடப்படவில்லை.
ஆ: தேடல் 90 வினாடி, ஓட்டம் 16 வினாடி, தொடப்படவில்லை.
இ: தேடல் 150 வினாடி, ஓட்டம் 11 வினாடி, ஆனால் வழியில் சிக்கியதால் ஒருமுறை தொடப்பட்டது.

ஜப்பானிய முறையில் இ முதலிடம் (11), அ இரண்டாமிடம் (12), ஆ கடைசி (16). இப்போது மற்ற முறையில் கணக்கிடுங்கள். அ எலிக்கு 12 + 12 – 10 = 14. ஆ எலிக்கு 16 + 3 – 10 = 9. இ எலிக்கு 11 + 5 = 16. ஆகவே ஆ முதலிடம், அ இரண்டாமிடம், இ கடைசி. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது! எலிகள் அதேதாம், ஓடிய ஓட்டமும் அதேதான்.

இனி விதியை வடிவமைப்பாளரின் கண்ணோடு படியுங்கள். ‘30-இல் ஒரு பங்கு’ என்பது உண்மையில் ஒரு நாணய மாற்று விகிதம். ஓட்டத்தில் ஒரு வினாடி மிச்சப்படுத்த முடியுமானால் அதற்காக 30 வினாடி வரை தேடலில் செலவிடலாம். அதற்கு மேல் செலவிட்டால் நட்டம். அதுபோல 10 வினாடிச் சலுகையின் தேடல் மதிப்பு என்ன? 10 × 30 = 300 வினாடி, அதாவது 5 நிமிடம்! எலியை ஒருமுறை கையால் தொடுவது, ஐந்து நிமிடம் வீணாகத் தேடி அலைவதற்குச் சமம். இதைப் புரிந்துகொண்ட அணி எதில் கவனம் செலுத்தும்? மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால், சுவரில் மோதிச் சிக்கிக்கொள்ளாத, சிக்கினாலும் தானே விடுவித்துக்கொள்ளும் எலியைச் செய்யும். ஜப்பானிய விதியைப் படித்த அணியோ வேகத்தையே தேடும். விதியில் உள்ள ஓர் எண், பட்டறையில் உள்ள மாணவரின் கையை எங்கோ இருந்து இயக்குகிறது.

25, 16.8, 11

அளவு பற்றிய விதியும் சுவையானதே. எலியின் நீளமும் அகலமும் 25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. ஆனால் கட்டம் 18 சென்டிமீட்டர்தான். சுவரின் தடிப்பைக் கழித்தால் இடைவெளி 16.8 சென்டிமீட்டரே. அப்படியிருக்க 25 எதற்கு? சுவரின் உயரம் 5 சென்டிமீட்டர் என்பதை நினைவுகூருங்கள். எலியின் உடல் சுவர்களுக்கு இடையே இருந்தாலும், சுவருக்கு மேலே இருபுறமும் சிறகு போல நீட்டிக்கொள்ளலாம் அல்லவா? தொடக்ககால எலிகள் பல அப்படித்தான் இருந்தன. சிறகில் பொருத்திய உணரிகள் சுவரின் மேல்விளிம்பை மேலிருந்து பார்த்து, ‘இங்கே சுவர் உண்டு, இங்கே இல்லை’ என்று சொல்லின.

பின்னர் வந்தவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். எலி கட்டங்களின் வழியே செல்ல வேண்டுமே தவிர, சுவருக்கு இணையாகத்தான் செல்ல வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வலம், இடம், வலம், இடம் என்று படிக்கட்டுப் போலத் திரும்பும் பாதையில், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பாமல், கோணல் கோடாக நேரே போனால் என்ன? பித்தகோரஸ் தேற்றம் விடை தரும். கட்டத்துக்கு 18 சென்டிமீட்டர் செல்ல வேண்டிய இடத்தில் 12.7 சென்டிமீட்டர் சென்றால் போதும். தூரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு மிச்சம், திருப்பங்களும் மிச்சம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கோணல் பாதையின் இருபுறமும் சுவர் மூலைகள் துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு இடைப்பட்ட அகலத்தைக் கணக்கிட்டால் 11 சென்டிமீட்டர்தான் வருகிறது. எனவே எலியின் உடல் 11 சென்டிமீட்டருக்கும் குறைவாக ஒடுங்கியாக வேண்டும். விதிப் புத்தகம் அனுமதித்தது 25. சுவர்கள் அனுமதித்தது 16.8, வெற்றி அனுமதித்தது 11-க்கும் குறைவு! சிறகுள்ள எலிகள் மறைந்து, சிற்றெலிகள் தோன்றியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இயற்பியல் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. வளைவில் திரும்பும் வண்டிக்கு மையநோக்கு விசையைத் தருவது சக்கரத்துக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு. உராய்வுக் குணகம் 1 என்றும், வளைவின் ஆரம் 9 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். வழுக்காமல் திரும்பக்கூடிய பெரும வேகம் வினாடிக்கு 0.94 மீட்டர்தான். எடையைக் கூட்டிப் பயனில்லை. உராய்வு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மையநோக்கு விசையும் தேவைப்படும். ஆனால் எடையைக் கூட்டாமல் தரையை அழுத்தினால்? எலியின் வயிற்றில் ஒரு சிறு விசிறியை வைத்து, அடியிலுள்ள காற்றை உறிஞ்சினால், வெளிக்காற்று எலியைத் தரையோடு அழுத்தும். இந்த விசை எடையைப் போல மும்மடங்கு என்றால், மொத்த அழுத்தம் நான்கு மடங்கு. பெரும வேகம் இரு மடங்கு, அதாவது வினாடிக்கு 1.88 மீட்டர். சுவரைத் தாண்டக் கூடாது, ஏறக் கூடாது, பறக்கக் கூடாது, சுவருக்கு ஊறு செய்யக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருந்தன. தரையை உறிஞ்சக் கூடாது என்று இல்லை. இந்த நூற்றாண்டின் விரைவு எலிகள் பலவற்றில் இந்த விசிறியைக் காணலாம்.

பந்துகளும் கூடைகளும்

போட்டிகள் எலியோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் 1970-களில் பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ், மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான உதிரிப்பொருள்கள் நிறைந்த பையைக் கொடுத்து, எந்திரம் செய்து போட்டியிட வைத்தார். அவரும் டீன் காமன் என்ற கண்டுபிடிப்பாளரும் இணைந்து வளர்த்த ‘ஃபர்ஸ்ட்’ இயக்கத்தின் பள்ளி மாணவர் ரோபோப் போட்டி 1992-இல் 28 அணிகளுடன் தொடங்கியது. ஆண்டுதோறும் புதிய விளையாட்டு, புதிய விதி.

2002-ஆம் ஆண்டின் ஆட்டத்தில் நகரும் கூடைகள் மூன்று இருந்தன. கூடையில் இட்ட பந்து ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி; உரிய பகுதியில் உள்ள கூடைக்கு 10 புள்ளி. பந்துகள் குவிந்து கிடந்தன; எனவே பல அணிகள் பந்து பொறுக்கும் ரோபோக்களைச் செய்தன. இந்தியானா மாநிலத்தின் ஹாமண்ட் நகர மாணவர் அணி கூட்டிக் கழித்துப் பார்த்தது. ஒரு கூடை பத்துப் பந்துக்குச் சமம்! அவர்களுடைய ரோபோ கூடைகளையே பற்றிக்கொண்டது. பிறகு அசைக்க முடியாதபடி, மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்து அவற்றை இழுத்துச் சென்றது. அதன் பாதங்களில் அரத்தைத் துடைக்கும் கம்பித் தூரிகை பொருத்தப்பட்டிருந்தது. கம்பி முனைகள் தரைவிரிப்பின் இழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டதால், மற்ற ரோபோக்கள் எவ்வளவு தள்ளியும் அது நகரவில்லை. அவ்வாண்டின் பட்டம் வென்ற கூட்டணியில் அந்த அணியும் இருந்தது.

2010-இல் நடந்தது இன்னும் விந்தையானது. மூன்று அணிகள் ஒரு பக்கம், மூன்று அணிகள் மறு பக்கம். தகுதிச் சுற்றில் வென்ற பக்கத்துக்கு அதன் புள்ளிகளும், அதோடு தோற்றவர் புள்ளியைப் போல இரு மடங்கும் உண்டு. எதிரியை நசுக்காமல், நல்ல ஆட்டம் ஆடட்டும் என்ற நல்லெண்ணம் இது. தோற்ற பக்கத்துக்கோ வென்றவரின் புள்ளிகள் கிடைக்கும். கவனியுங்கள். 8–3 என்று ஆட்டம் முடிந்தால் வென்றவருக்கு 8 + 6 = 14; தோற்றவருக்கு 8. எப்படியும் தோற்கப்போகிறோம் என்று அறிந்த பக்கம் அந்த மூன்று பந்துகளையும் எதிரியின் கணக்கில் போட்டுவிட்டால்? ஆட்டம் 11–0. இருவருக்கும் 11! தோற்றவருக்கு 3 புள்ளி இலாபம். இதைக் கண்டுகொண்ட சில அணிகள், ஆறு ரோபோக்களும் ஒரே பக்கத்துக்குப் பந்தடிக்கும் ஆட்டத்தை ஆடின. பார்வையாளர்கள் குழம்பினார்கள், போட்டியின் உணர்வுக்கே இது முரண் அல்லவா என்று விவாதம் எழுந்தது. அடுத்த ஆண்டு, 2011-இல், வெற்றிக்கு 2, சமனுக்கு 1, தோல்விக்கு 0 என்ற எளிய முறை வந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஜப்பானில் 1988-இல் தொடங்கிய ‘ரோபோகான்’, 2002 முதல் ஆசிய-பசிபிக் நாடுகளின் கல்லூரி மாணவர் போட்டியாக விரிந்தது. 2008-இல் அது புனே நகரில் நடந்தபோது விளையாட்டின் கரு என்ன தெரியுமா? கண்ணன் வெண்ணெய் எடுத்த கதை; நம்மூர் உறியடிதான்! உயரத்தில் தொங்கும் பானைகளிலுள்ள வெண்ணெய் உருண்டைகளை ரோபோக்கள் எடுக்க வேண்டும். மூன்றையும் ஒரே அணி எடுத்துவிட்டால் அதுவே ‘கோவிந்தா’. ஆட்டம் அத்துடன் முடிந்து அந்த அணிக்கு வெற்றி. இத்தகைய விதி இருக்கும்போது அணியின் முன் இரு வழிகள் உள்ளன. புள்ளி புள்ளியாகச் சேர்ப்பதா? எல்லாவற்றையும் விட்டு உயரத்தை மட்டும் குறிவைப்பதா? இரண்டுக்கும் ஒரே ரோபோ பொருந்தாது. எனவே முதல் ஆணியை முடுக்குவதற்கு முன்னரே இந்தக் கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

எழுத்தும் நோக்கமும்

இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? விதியை வாசிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். உண்மையில் எது அளக்கப்படுகிறது? ஒவ்வொரு செயலுக்கும் உள்ள மாற்று விகிதம் என்ன? எது தடுக்கப்பட்டுள்ளது, எது வெறும் வழக்கம்? நான் தோற்றால் எனக்கு என்ன கிடைக்கிறது? இந்த நான்கையும் தாளில் எழுதிப் பார்த்த பிறகே அரத்தையும் திருப்புளியையும் கையில் எடுக்க வேண்டும்.

ஆனால் எழுத்தில் தடை இல்லாததெல்லாம் செய்யத்தக்கதா? இது எளிய கேள்வி அன்று. ‘ஃபர்ஸ்ட்’ போட்டியின் கையேடு, விதியில் எழுதியுள்ளது எதுவோ அதுவே அதன் பொருள், எழுதியவரின் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டாம் என்று அறிவுறுத்துகிறது. ஐயம் இருந்தால் கேட்கலாம். விடை எல்லா அணிகளுக்கும் ஒரே சமயத்தில் தெரியும்படி வெளியிடப்படும். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நடுவரின் மனத்தை ஊகிக்க அவரை நேரில் அறிந்தவருக்கே முடியும். எழுத்தைப் படிக்க எல்லோராலும் முடியும். முதன்முறையாகப் போட்டிக்கு வரும் சிற்றூர் மாணவரும், பத்து ஆண்டு அனுபவமுள்ள பெரிய கல்லூரி மாணவரும் சமமாக நிற்கும் ஒரே இடம் அச்சிட்ட விதிதான்.

அதே சமயம், எழுத்தை மட்டும் பார்த்து ஆடினால் 2010-இல் நடந்தது போல விளையாட்டே பொருளிழந்துபோகவும் கூடும். அப்போது பொறுப்பு விதி எழுதுபவர் கைக்குப் போகிறது. பில்லிங்ஸ்லி செய்ததை நினைத்துப் பாருங்கள். சுவரைத் தடவும் எலிகளை அவர் பழிக்கவில்லை. நியூயார்க் பரிசைப் பறிக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த போட்டியில் இலக்கை நகர்த்தினார். நடந்த ஆட்டத்துக்குப் பழைய விதி. வரும் ஆட்டத்துக்குப் புதிய விதி. நம் தேர்வுத் தாள்களுக்கும் இது பொருந்தும். மனப்பாடம் செய்தவருக்கு மதிப்பெண் கிடைக்குமாறு கேள்வி கேட்டுவிட்டு, மாணவர்கள் சிந்திப்பதில்லை என்று வருந்துகிறோம். குறையை மாணவரிடம் தேடுமுன் வினாவில் தேடுவது நல்லது.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு கணக்கு. ஐ.இ.இ.இ. முறையில் உங்கள் எலி 240 வினாடித் தேடலுக்குப் பின் 18 வினாடியில் ஓடி முடித்தது, யாரும் தொடவில்லை. இன்னும் சற்றுத் தேடினால், 330-ஆம் வினாடியில் தொடங்கி 14 வினாடியில் ஓடலாம். ஆனால் அந்தத் தேடலின்போது சுவரில் சிக்கி, நீங்கள் அதைத் தொட நேரலாம். முயல்வீர்களா, நிறுத்திக்கொள்வீர்களா? விடையைப் பார்க்குமுன் விதியை இன்னொரு முறை படியுங்கள்.

விடை: முதல் ஓட்டத்தின் மதிப்பு 18 + 8 – 10 = 16. புதிய ஓட்டம் தொடப்படாமல் முடிந்தால் 14 + 11 – 10 = 15. தொடப்பட்டால் 14 + 11 = 25. ஆனால் இறுதி மதிப்பு, எல்லா ஓட்டங்களிலும் குறைந்தது என்பதே விதி. ஆகவே 25 வந்தாலும் பழைய 16 அப்படியே இருக்கும், நட்டம் ஏதுமில்லை. தாராளமாக முயலலாம்!